அதிபர் படிப்பு மூன்றும் ஆற்றுக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடமும்

கல்விக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன கிழமை ஓய்வூதியக் கடதாசி ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க வந்தபோது உங்கள் மேசையில் ஒரு பட்டியலைக் கண்டேன். கல்வி நிருவாக டிப்ளோமாக்கள். எது எத்தனை மாதம், எதற்கு எவ்வளவு கட்டணம், எதைத் தவணையில் கட்டலாம், எதை முடித்தால் சம்பளம் எத்தனை படி ஏறும் என்று கலர் கலராகக் கட்டம் போட்டிருந்தீர்கள். முதலில் கலியாண அட்டை என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்ததற்கு உங்களில் ஒருவர், "ஐயா, இதுகள் உங்களுக்கு விளங்காது" என்று மிக அன்பாகச் சொன்னார். அந்த அன்புக்கு நன்றியாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் இரண்டாம் தவணை வரைக்கும்தான். இந்தக் கந்தோருக்குள் வந்தது புல்லு வெட்ட. பிறகு பியூன் ஆனேன், பிறகு தபால் பை என் தோளுக்கு வந்தது, கடைசியில் ஆவண அறைத் திறப்புகள் எல்லாம் என் இடுப்பில் தொங்கின. பணிப்பாளர்மார் பட்டத்தோடு வந்தார்கள், இடமாற்றத்தோடு போனார்கள். எந்தக் கோவை எந்தத் தட்டில் கிடக்கிறது என்று என்னைக் கேட்காமல் ஒருவரும் ஒரு நாள் நிருவாகம் செய்ததில்லை. ஒருவர் போகும்போது அழுதார். என்னைப் பிரிகிற கவலை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

நீங்கள் போட்ட அந்தப் பட்டியலை நாங்கள் யுத்த காலத்திலேயே போட்டுவிட்டோம். கலர் மட்டும் இல்லை.

மேலிடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் பகுதிப் பள்ளிக்கூட அதிபர்மார் என்னென்ன நிருவாகப் பாடநெறிகளைப் படிக்கிறார்கள், செலவு என்ன, பெறுபேறு என்ன, ஒப்பிட்டு அறிக்கை அனுப்பவும். வெளியில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காக ஒப்பிட வேண்டியதை ஒப்பிடாமல் விட முடியுமா? தலைமை லிகிதர் அடிமட்டத்தை எடுத்துக் கோடு போடத் தொடங்கினார்.

மூன்று படிப்பு இருந்தது. முதலாவது கொழும்பில் ஒரு வருடம் முழுநேரம். கட்டணமும் பெரிது, தங்குமிடச் செலவு அதைவிடப் பெரிது. இரண்டாவது நம்ம ரவுனில் சனி ஞாயிறு, இரண்டு வருடம். மூன்றாவது தபால் மூலம், ஒரு வருடம். ஒப்படைகளை எழுதி எழுதி அனுப்ப வேண்டும், கடைசியில் ஒரு பரீட்சை. சல்லி மிகக் குறைவு. மரியாதையும் அவ்வளவுதான்.

செலவுக் கட்டத்தை லிகிதர் ஒரு மணித்தியாலத்தில் நிரப்பிவிட்டார். பெறுபேறு என்ற கட்டத்தில் "சித்தி, சித்தி, சித்தி" என்று எழுதிக்கொண்டு போனார். தேத்தண்ணி வைக்கப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஐயா, பெறுபேறு எண்டா ஆருக்கு? படிச்ச ஆளுக்கா, பள்ளிக்கூடத்துக்கா?"

"உனக்கு இது விளங்காது. சீனி காணாது, கொண்டு வா."

பாருங்கள், அந்த வசனம் இந்தக் கந்தோரில் உங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஆனால் எனக்குத் தெரிந்ததை அவர் அறியமாட்டார். நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் இருந்து மூன்று பேர் கொழும்புப் படிப்புக்குப் போனார்கள். மூவரும் நூற்றுக்கு நூறு சித்தி. ஒருவர் அங்கேயே ஒரு திணைக்களத்தில் அமர்ந்துவிட்டார். ஒருவர் நம்ம கந்தோரிலேயே, காற்றாடிக்குக் கீழே. மூன்றாமவர் கனடாவில் பனி வழிக்கிறார் என்று கேள்வி. அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த பள்ளிக்கூடங்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தன. அதற்குக் கட்டம் இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். பெரிய ஆட்கள் தங்கள் பிழையை எழுதுவதில்லை. நான் அதைவிடப் பெரிய ஆள், ஆகவே எழுதலாம்.

அந்தக் காலத்தில் ரவுனில் இருந்து படுவான்கரைக்குப் போக வேண்டுமானால் துறைக்குப் போய்ப் பாதையில் ஏற வேண்டும். இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவையைத்தான் நம்ம ஊரில் பாதை என்போம். இந்தக் கரையில் ஆமி சென்றி, சோதிக்காமல் ஒருவரையும் விடாது. அந்தக் கரையில் ஒரு ஆமி கேம்பைத் தவிர மிச்சமெல்லாம் மற்ற ஆட்கள், இயக்கம். நடுவில் தண்ணீர். தபால் பையோடு கிழமைக்கு ஒரு தரம் இந்த மூன்றையும் கடந்து போய் வந்தவன் கந்தோரில் ஒரே ஒருவன்தான். பெயர் சொல்லத் தேவையில்லை.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சனி ஞாயிறு படிப்பு முடித்த ஒருவரை அதிபராகப் போட்டார்கள். முதல் நாள் மாலையோடு போனார். மாலை வாடுவதற்கு முன் ரவுன் பக்கத்துக் கல்லடியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் அதிபர் என்று இருந்தால் சம்பவத் திரட்டு எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் அன்றன்று நடந்ததை அதிபர் கைப்பட எழுதிக் கையொப்பம் வைக்கும் தடித்த புத்தகம் அது. பள்ளிக்கூடத்தை விட்டு அது வெளியே போகக்கூடாது என்று சட்டம். அதிபர் பள்ளிக்கூடத்துக்குப் போகாவிட்டால் என்ன, புத்தகம் அதிபரிடம் வந்தால் போதும் என்று நம்ம கந்தோர் ஒரு வழி கண்டுபிடித்தது. அந்த வழிதான் நான். திங்கள் தபாலோடு புத்தகத்தை எடுத்து வருவேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு ஐந்து நாளுக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரேயடியாக எழுதுவார்: "பாடசாலை வழமைபோல் நடைபெற்றது." அன்று பின்னேரமே நான் திருப்பிக் கொண்டுபோவேன். ஷெல் விழுந்த திங்களிலும் தவறவிடவில்லை. இப்படி ஒரு சேவையை வேறு எவன் செய்வான் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு திரிந்தேன். வருடத்துக்கு ஒரு சாரன் வாங்கித் தருவார். நல்ல சாரன்.

பள்ளிக்கூடத்தை உண்மையில் நடத்தியவ புவனேஸ் டீச்சர். ரவுன் ஆள்தான், ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் தங்கியிருந்தா. காலையில் மணி அடிப்பது, மழைக்குக் கூரை மேய ஆள் பிடிப்பது, கணக்கு வாத்தியார் வராத நாளில் கணக்கு, எல்லாம் அவதான். ஆனால் கையெழுத்து மட்டும் கல்லடியில்.

ஒரு வருடம் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்கள் அதிபரின் கையெழுத்துக்கென்று என் பையில் போயின. போனவை அவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்தன. அவர் மறந்துவிட்டார். திகதி போய்விட்டது. பதினொரு பிள்ளைகள் பரீட்சை எழுதவில்லை. அந்த மாதம் முழுக்கச் சம்பவத் திரட்டில் பாடசாலை வழமைபோல் நடைபெற்றிருந்தது.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரன்.

"அண்ணன், ஒவ்வொரு திங்களும் அந்த வீட்டு வாசல்ல நிண்டீங்க. புத்தகத்தக் கேட்டு வாங்கின வாயால அந்த விண்ணப்பப் பாரங்களையும் ஒருக்காக் கேட்டிரிக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னா. அன்றைக்கு நான் உடுத்தியிருந்தது அந்தச் சாரன்தான்.

பதிவுகள் சுத்தமாக இருந்தபடியால் அதிபருக்குப் பதவி உயர்வு வந்தது. டீச்சர் தற்காலிகமாகப் பதில் அதிபர் ஆனா. ஆனால் அடுத்த வருடம் நிரந்தர அதிபர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிருவாகப் படிப்பு இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது. டீச்சர் கந்தோருக்கு வந்து ஆவண அறை வாசலில் நின்றா.

"அண்ணன், இன்னொரு புத்தக அதிபர் வந்தா நான் மாத்தம் கேட்டுப் போயிருவன். என்னால இன்னொரு தரம் அந்தப் புள்ளையள்ர முகத்தப் பார்க்க ஏலா. வாற வருசம் பதினாலு பேர் சோதினைக்கு இரிக்காங்க. மூண்டு படிப்பில எதப் படிக்கிற?"

நீங்கள் பட்டியல் போடுகிறீர்களே, அதுபோல நானும் வாயால் ஒரு பட்டியல் போட்டேன்.

"கொழும்பு படிச்சாப் புள்ளி கூட. ஆனா நீங்க ஒரு வருசம் இல்லாட்டி அந்தப் பள்ளிக்கூடத்தில வெளவால்தான் படிக்கும். சனி ஞாயிறு எண்டா ரெண்டு வருசம், வரவும் பார்ப்பாங்க. பாதை ஓடாத சனி எத்தின வரும், சொல்லுங்க பாப்பம்?"

"ரெண்டுக்கு ஒண்டு."

"அப்ப தபால்."

"அங்கால தபால் கந்தோரே இல்லியே அண்ணன்."

"நான் இரிக்கன்தானே கா. நான்தான் தபால் கந்தோர்."

இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பெருமையில் மிதந்தேன். உண்மையாகவே கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். ஐந்து ஒப்படை போய்ச் சேர்ந்தது. ஆறாவதில்தான் என் அறிவு வேலை செய்தது.

ஆறாவது ஒப்படையின் கேள்வியை எழுதியவர் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியிருக்க வேண்டும். பாடசாலைக்குப் பிள்ளைகள் வரும் பிரதேசத்தின் வரைபடம் ஒன்று வரைக. வீதிகள், பாலங்கள், நீர்நிலைகள், முக்கிய இடங்களைக் காட்டுக. பிள்ளைகளின் வருகைக்குத் தடையான இடங்களைச் சிவப்பால் குறிக்க. யுத்தம் நடக்கும் இடத்தில் பாலமும் வீதியும் போட்டுப் படம் கீறி, சிவப்புப் புள்ளியும் குத்தி, சென்றி தாண்டி அனுப்ப வேண்டும். இதுதான் நிருவாகக் கல்வி.

டீச்சருக்கு அரைகுறை வேலை தெரியாது. பழைய கலண்டர் தாளின் பின்புறம் முழுக்க வரைந்திருந்தா. எனக்குக் காட்டினா. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத மூலை இல்லை என்று காட்ட வேண்டாமா?

"டீச்சர், இந்த வாய்க்காலுக்கு இஞ்சால ஒரு ஒத்தையடிப் பாதை இரிக்கு, அத விட்டுட்டீங்க. மறுகா இவடத்த தண்ணி முழங்கால்தான், இறங்கி நடக்கலாம். அதையும் போடுங்க."

போட்டா. படம் பிரமாதமாக வந்தது.

மற்ற நாட்களில் கந்தோர்ப் பையைச் சென்றியில் அதிகம் கிளறமாட்டார்கள். என் முகம் அவர்களுக்குப் பழக்கம். அன்று புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். பையைக் கொட்டினார். கலண்டர் தாளை விரித்தார். எனக்குப் பின்னால் நின்ற மீன்காரப் பெண்கள் தங்கள் கூடைகளை மெல்லப் பின்னுக்கு இழுக்கிற சத்தம் கேட்டது.

"இது என்னா?"

"பாடம் மாத்தயா." சிங்களத்தில் ஐயா என்பதற்கு அப்படித்தான்.

"பாடம் இல்ல. இது மெப்."

"மெப்தான் மாத்தயா. மெப் போடச் சொல்லித்தான் பாடம்."

பக்கத்தில் நின்ற சிப்பாய் ஒரு அறை விட்டான். அந்தப் படிப்புக்கு நான் கட்டிய கட்டணம் அது. உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

"யார் எழுதினது?"

ஒப்படையில் பெயர் எழுதுவதில்லை, சுட்டெண் மட்டும்தான். அந்த ஒரு வினாடியில் என் மண்டை ஓடிய ஓட்டம் எந்த டிப்ளோமாக்காரனுக்கும் ஓடியிருக்காது. தெரியாது என்றால் பை என்னுடையது. டீச்சர் என்றால் அது உண்மை, ஆனால் பின்னேரத்துக்குள் அவவைக் கொண்டுவந்துவிடுவார்கள். கொண்டுவராமல் விட்டாலும், இப்படி ஒரு படம் ஆமியின் கைக்குப் போயிற்று என்று அந்தக் கரையில் தெரிந்தால், வரைந்தது ஆர் என்று அவர்களும் கேட்பார்கள். எந்தக் கரை கேட்டாலும் பள்ளிக்கூடம் பூட்டு.

"நான்தான் மாத்தயா."

"நீ பியூன்."

"ஓம்."

"பியூன் எதுக்கு பிரின்சிபல் படிக்கிறது?"

"பியூனாவே சாகச் சொல்லிச் சுற்றுநிருபம் ஒண்டும் வரல்ல மாத்தயா."

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். மண் மூட்டைக்குப் பக்கத்தில் இருத்தினார். சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார்.

"இது எங்கட கேம்ப். ஏன் சிவப்பு?"

"புள்ளையள் பயத்தில சுத்திப் போற இடமெல்லாம் சிவப்பு மாத்தயா. நேர வந்தா பத்து நிமிசம். சுத்தி வந்தா முக்கால் மணித்தியாலம். இந்த வீட்டில ரெண்டு, இந்த வீட்டில மூண்டு புள்ளையள், எல்லாம் சுத்தித்தான்."

"இது?"

"யானை."

"இது?"

"அது மற்ற ஆக்கள் நிக்கிற இடம். அதையும் சுத்தித்தான் போறாங்க."

"இது?"

"அது கணக்கு வாத்தியார்ர வீடு."

அவர் தலையை நிமிர்த்தினார். சிரிப்பா இல்லையா என்று எனக்கு விளங்காத மாதிரி ஏதோ ஒன்று அவருடைய வாயில் வந்து போயிற்று. பிறகு விரல் என் ஒற்றையடிப் பாதைக்கு வந்தது.

"இதில பிள்ளைகள் போறதா?"

"இல்ல மாத்தயா."

"அப்ப ஏன் போட்டது?"

வாழ்க்கையில் முதன்முறையாக என்னைப் பற்றி முழு உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும் எண்டு காட்டத்தான்."

வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் இருத்தி வைத்தார். பிறகு படத்தை மடித்துத் தன் பொக்கற்றில் வைத்தார். "இனி மெப் வேணாம்" என்று சொல்லி என்னை விட்டார்.

ஒப்படை போய்ச்சேர மூன்று நாள்தான் இருந்தது. ஆறாவது இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்கவிடமாட்டார்கள். பரீட்சை இல்லாவிட்டால் விண்ணப்பம் இல்லை. அடுத்த நாள் காலையில் நுளம்பு ஒழிப்புச் சுற்றுநிருபம் ஒன்றை "மிக அவசரம்" என்று பணிப்பாளரிடம் காட்டி மீண்டும் பாதை ஏறினேன். யுத்தத்துக்கு நடுவில் நுளம்பின் அவசரத்தை அவரும் மறுக்கவில்லை.

டீச்சர் முழுக்கக் கேட்டா. கேட்டுவிட்டு, "ஒத்தையடிப் பாதையப் போடச் சொன்னது ஆர் அண்ணன்?" என்றா.

"நான்தான்."

"முழங்கால் தண்ணியக் காட்டினது?"

"அதுவும் நான்தான்."

"அடி விழுந்தது ஆருக்கு?"

"எனக்கு."

"சரியான ஆளுக்குத்தான் விழுந்திரிக்கு." சொல்லிவிட்டு முகத்தை அங்கால திருப்பிக்கொண்டா. பிறகு, "படம் இல்லாட்டிச் சைபர்தானே போடுவான்" என்றா.

"நேத்து நான் மாத்தயாவுக்குச் சொன்னதச் சொல்லால எழுதுங்க. கோடு ஒண்டும் வேணாம்."

பிள்ளைகளை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டா. எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறாய், எதைச் சுற்றி வருகிறாய், ஏன். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. எல்லாவற்றுக்கும் மேலே, "இவ்விடத்தில் படம் வரைந்து அனுப்புவது உசிதமன்று, ஆகவே எழுதியுள்ளேன்" என்று ஒரு வசனம். அதைக் கொண்டுவந்து சேர்த்தேன். திருத்தியவர், "அறிவுறுத்தல் பின்பற்றப்படவில்லை" என்று சிவப்பால் எழுதி, தவறாமல் இருக்க எத்தனை புள்ளி வேண்டுமோ அத்தனையை மட்டும் போட்டிருந்தார். பரீட்சையும் எழுதி, டீச்சர் ஆகக் கடைசித் தரத்தில் சித்தி.

நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு பேர். டீச்சரும், ரவுனில் இருந்து கொழும்புப் படிப்புக்காரர் ஒருவரும். குறை சொல்ல முடியாத மனிதர். சப்பாத்து அவ்வளவு பளபளப்பு. கொழும்புப் படிப்புக்குப் புள்ளி அதிகம், தபாலுக்கு மிகக் குறைவு. நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் புள்ளியே இல்லை, அதற்குக் கட்டம் இல்லாதபடியால். அவர் முதலாவது, டீச்சர் இரண்டாவது. முதலாமவர் இரண்டு கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் கடமையேற்க வேண்டும். ஏற்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.

கடமையேற்பது என்றால் என்ன? சம்பவத் திரட்டில் எழுதிக் கையொப்பம் வைப்பது. அதற்குத்தான் நான் இருந்தேனே.

அவர் ஆவண அறைக்கு வந்தார். கையில் ஒரு பார்சல். சாரன் அளவு.

"அண்ணே, புத்தகம் திங்கள் வருமா?"

"புத்தகம் பள்ளிக்கூடத்தில இரிக்கு சேர்."

"அது தெரியும். நீங்க கொண்டு வாறதெண்டு சொன்னாங்க."

"கொண்டு வந்த காலம் இரிந்தது சேர். இப்ப முதுகு ஏலா. பாரமான புத்தகம். நீங்க போனா மேசையிலயே இரிக்கும்."

அவர் பார்சலை மேசையில் வைத்தார். நான் அதைத் திருப்பி அவருடைய கையிலேயே கொடுத்து, எனக்குச் சாரன் கிடக்கு என்றேன். நல்ல துணி, வெளியே தெரிந்தது. அந்த வருத்தம் இன்றைக்கும் உண்டு.

இரண்டாம் கிழமை பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நேர்மையான மனிதர், ஆனால் தொலைபேசி அடித்தால் எழுந்து நிற்கிறவர்.

"என்ன காணும், மேலிடத்தில இரிந்து மூண்டு தரம் கோல் வந்திட்டு. இந்த ஒரு முறை அந்தப் புத்தகத்தக் கொண்டு வாவன்."

அறையில் நாங்கள் இரண்டு பேரும்தான். சென்றியைவிட எனக்கு இது பயமான இடம். அங்கே போனால் உயிர். இங்கே போனால் சம்பளம்.

"கொண்டு வாறன் சேர். சம்பவத் திரட்டப் பள்ளிக்கூடத்தால எடுத்து வரச் சொல்லி எழுத்தில ஒண்டு தாங்க."

அவர் தொலைபேசியைப் பார்த்தார்.

"உன்னத் தூர எங்கயாவது மாத்தச் சொல்லியும் சொல்றாங்க."

"அதையும் எழுத்தில தாங்க சேர். ரெண்டையும் ஒரே கடதாசியில தந்தாலும் சரி."

பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கடதாசியை நேராக வைத்தார். ஒரு சட்டவிரோத வேலையைத் தன் கையெழுத்தில் எப்படித் தொடங்குவது என்று ஒரு பட்டதாரி யோசிப்பதை நான் நின்று பார்த்தேன். பிறகு மூடியைத் திருப்பி மாட்டினார்.

"நீ எட்டாம் வகுப்பெண்டு ஆர்ரா சொன்ன?"

"எட்டில ரெண்டாம் தவணை சேர்."

"போ."

தம்பிமாரே, நான் உங்களுக்குத் தரக்கூடிய டிப்ளோமா இதுதான். கட்டணம் இல்லை, தவணையும் இல்லை. யாரும் உங்களை வாயால் ஒரு பிழையான வேலைக்கு அனுப்பினால், மிக மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். முதலாவது புத்தக அதிபரின் காலத்திலேயே நான் இதைக் கேட்டிருந்தால் பதினொரு பிள்ளைகள் பரீட்சை எழுதியிருப்பார்கள். அப்போது எனக்குச் சாரன் போதுமாக இருந்தது.

கொழும்புப் படிப்புக்காரர் பன்னிரண்டாம் நாள் துறை வரைக்கும் வந்தார். அதற்கு நானே சாட்சி. பாதை ஏற நின்ற வரிசையைப் பார்த்தார், சென்றியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் வைத்திய விடுமுறை போட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் பயந்த ஆள் வீட்டில் இருக்க, அவருடைய கையெழுத்து மட்டும் துணிந்து ஆறு கடக்கிறது என்று ஒரு ஏற்பாடு இருந்ததே, அதைத்தான் குறை சொல்கிறேன். பிறகு அவருக்கு ரவுனில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. மேலே மேலே போனார்.

பதவி டீச்சருக்கு வந்தது.

லிகிதர் கோடு போடத் தொடங்கிய ஒப்பீட்டு அறிக்கையும் இழுபட்டு இழுபட்டு அந்த மாதம்தான் முடிந்தது. கொழும்புப் படிப்பு முதலாம் இடம்: படித்தவர்கள் அனைவரும் உயர் பதவிகளில். சனி ஞாயிறு இரண்டாம் இடம். தபால் கடைசி. அதன் பெறுபேற்றுக் கட்டத்தில் லிகிதர் தன் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்: "அதே பாடசாலை. முன்னேற்றம் இல்லை." அதைப் பதிவுத் தபாலில் சேர்த்ததும் நான்தான். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, அறிக்கை அவருடையது.

அதற்கு அடுத்த திங்கள் தபாலோடு அங்கால போனேன். டீச்சர் வகுப்பில் நின்றா. சம்பவத் திரட்டு மேசையில் கிடந்தது. அத்தனை வருடம் சுமந்தும் நான் ஒரு நாளும் அதைத் திறந்து வாசித்ததில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அன்று திறந்தேன். போன வியாழக்கிழமைக்கு நேரே இப்படி இருந்தது:

"பாதை ஓடவில்லை. பரீட்சை விண்ணப்பங்கள் பதினான்கும் கையெழுத்திடப்பட்டன. பாடசாலை நடைபெற்றது."